தாவர நாரை மருத்துவப் பொருளாக்குவது எப்படி? பஞ்சு முதல் பல் செட் வரை ஒரு முழுமையான வழிகாட்டி

தாவர நார் நம் உடம்பைத் தொடுவது புதிய சங்கதி இல்லை. கி.மு. 1600 வாக்கில் எழுதப்பட்ட எகிப்தின் எட்வின் ஸ்மித் பாப்பிரஸில், பிளந்த காயத்தின் ஓரங்களை லினன் பட்டைகளால் இழுத்துச் சேர்க்கும் முறை இருக்கிறது. காயம் தைக்கும் இழைகளில் ஆளி நாரையும் (லினன் துணி நெய்யும் நார்) சணல் வகை நாரையும் பண்டைய இந்திய அறுவை மருத்துவர் சுஸ்ருதர் சேர்க்கிறார். இன்றைக்கும் புண்ணில் வைக்கும் காஸ் துணி, பல் மருத்துவர் கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவே செருகும் பஞ்சு உருளை, வேர் சிகிச்சையில் பல் வேரின் உட்குழாயை உலர்த்தும் பேப்பர் பாயின்ட் என்னும் மெல்லிய காகிதக் கூம்பு, அறுவைசிகிச்சையில் ரத்தக்கசிவை நிறுத்தும் ஆக்சிஜனேற்றிய செல்லுலோஸ் எல்லாமே செடியிலிருந்து வந்தவைதான்.

ஏதோ ஒரு நாரைக் கையில் வைத்துக்கொண்டு "இதை மருத்துவத்துக்குப் பயன்படுத்த முடியுமா?" என்று ஆராய்ச்சியைத் தொடங்கும் மாணவர்களை மனதில் வைத்து இதை எழுதுகிறேன். அவர்களில் பலர் முதல் வேலையாக நாரை இழுத்து, எவ்வளவு பளுவில் அறுகிறது என்று அளக்கிறார்கள். அந்த அளவீடு தேவைதான், ஆனால் அதற்கு முன்னால் தீர்மானிக்க வேண்டியவை நிறைய இருக்கின்றன.

படி 1: எங்கே வைக்கப்போகிறீர்கள், திரும்ப எடுப்பீர்களா?

தாவர நாரின் முதுகெலும்பு செல்லுலோஸ். குளுக்கோஸ் அலகுகள் பீட்டா 1,4 பிணைப்பில் கோத்துக்கொண்ட நீண்ட சங்கிலி அது. மனித உடம்பின் திசுக்களில் இந்தப் பிணைப்பை வெட்டும் நொதி கிடையாது. மாட்டின் இரைப்பையில் நுண்ணுயிரிகள் அதைச் செய்கின்றன. நம் தசையிலோ எலும்பிலோ செய்ய ஆளில்லை. அதனால் மாற்றம் செய்யாத செல்லுலோஸ் உள்ளே போனால் அங்கேயேதான் கிடக்கும். "இயற்கையானது, ஆகவே உடம்பில் கரைந்துவிடும்" என்ற நம்பிக்கைதான் இந்தத் துறையில் மிகப் பெரிய ஆபத்து என்று நினைக்கிறேன். மண்ணில் மக்குவது வேறு, உடம்பில் கரைவது வேறு.

இதற்குப் பல் மருத்துவத்திலேயே தெளிவான சாட்சி உண்டு. வேர் சிகிச்சையின்போது பேப்பர் பாயின்ட்டின் நுனி வேரின் முனையைத் தாண்டி எலும்புக்குள் போய்விட்டால், அதிலிருந்து உதிரும் நுண்ணிய இழைகளை உடம்பால் செரிக்க முடியாது. வெள்ளணுக்கள் வந்து சூழும், பல கருக்கள் கொண்ட ராட்சத செல்கள் உருவாகும், வேர் முனையில் கட்டி ஆறாமல் நிற்கும். இழைகளில் கிருமி ஒட்டியிருந்தால் இன்னும் மோசம். கிருமியைச் சுத்தமாக நீக்கி, குழாயை ஒழுங்காக அடைத்த பிறகும் எக்ஸ்ரேயில் கருநிழல் மறையாமல் இருக்க இது ஒரு காரணம். வயிற்றுக்குள் மறந்து விடப்பட்ட காஸ் துண்டு வருடக்கணக்கில் கட்டியாக உறைந்து கிடப்பதும் இதே கதைதான். அறுவைசிகிச்சைக்கான காஸில் பேரியம் சல்பேட் கலந்த நூலை ஓடவிடுவது, அப்படி விட்டுப்போனால் எக்ஸ்ரேயில் தெரிய வேண்டும் என்பதற்காகத்தான்.

ஆகவே முதலில் ஒரு தாளில் மூன்று விஷயங்களை எழுதுங்கள். எந்தத் திசுவைத் தொடும்: அப்படியே இருக்கும் தோலா, புண்ணா, ஈறா, எலும்பா, ரத்தமா? எவ்வளவு காலம் தொடும்? மருத்துவப் பொருள்களின் பாதுகாப்பைச் சோதிப்பதற்கான ஐஎஸ்ஓ 10993 என்னும் சர்வதேசத் தரநிலை இதை 24 மணி நேரத்துக்குள், 24 மணி நேரம் முதல் 30 நாள் வரை, 30 நாளுக்கு மேல் என்று மூன்றாகப் பிரிக்கிறது. வேலை முடிந்ததும் வெளியே எடுப்போமா, உள்ளேயே விடுவோமா? இந்த மூன்றுக்கும் பதில் இருந்தால் பின்னால் வரும் எல்லாப் படிகளும் தானாகவே குறுகிவிடும். உள்ளேயே விடுவதாக இருந்தால் இரண்டே வழி. செல்லுலோஸை வேதியியலாக மாற்றிக் கரையும்படி செய்யலாம். இல்லையென்றால், அது நிரந்தரமாக அங்கே இருக்கும் என்று ஏற்றுக்கொண்டு, அந்தக் கணக்கிலேயே பாதுகாப்பை நிரூபிக்க வேண்டும்.

படி 2: நாரின் உள்ளடக்கத்தைத் தெரிந்துகொள்ளுங்கள்

செல்லுலோஸோடு ஹெமிசெல்லுலோஸ், லிக்னின், பெக்டின், மெழுகு ஆகியவையும் நாரில் இருக்கும். விகிதம்தான் நாருக்கு நார் மாறுகிறது. பஞ்சில் ஏறக்குறைய 90 முதல் 95 சதவீதம் செல்லுலோஸ், லிக்னின் இல்லை என்றே சொல்லலாம். ராமி என்னும் செடியின் தண்டு நாரில் 70 சதவீதத்தை ஒட்டிய செல்லுலோஸ், ஒரு சதவீதத்துக்கும் குறைவான லிக்னின். ஆளியிலும் செல்லுலோஸ் 70 சதவீதம் வரும், லிக்னின் சுமார் 2. சணலில் லிக்னின் 12 சதவீதத்தை எட்டுகிறது. தென்னை நாரில் 40 சதவீதத்துக்கும் மேல்.

லிக்னின் கூடக் கூட நிறம் பழுப்பாகும், நீர் உறிஞ்சுவது குறையும், சூடு பட்டால் கருக்கும், ஃபீனால் வகைப் பொருள்கள் கசியும். புண்ணின் மேலோ வாய்க்குள்ளோ வைக்க இது எதுவும் விரும்பத்தக்கதல்ல. தென்னை நாரை மருத்துவத்துக்குக் கொண்டுவர நிறையப் பேர் ஆர்வமாக இருக்கிறார்கள். ஆனால் அதன் லிக்னினை நீக்கி முடிக்கும்போது நாரில் பாதிகூட மிஞ்சாது. நாராகவே பயன்படுத்துவதைவிட, அதிலிருந்து செல்லுலோஸைப் பிரித்தெடுத்து நுண்ணிழையாக்குவதுதான் அங்கே புத்திசாலித்தனம்.

வலிமைக் கணக்கையும் இங்கேயே பார்த்துவிடலாம். ஆளி நாரின் விறைப்பு 50 முதல் 70 கிகாபாஸ்கல் வரை என்று பல அளவீடுகள் சொல்கின்றன. கண்ணாடி இழைக்கு 70 சொச்சம். ஆளியின் அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு 1.5 கிராம், கண்ணாடிக்கு 2.5. எடைக்கு எடை பார்த்தால் ஆளி எந்த வகையிலும் சளைத்ததல்ல. ஆனால் இந்த எண்கள் காய்ந்த, பழுதில்லாத ஒற்றை இழையில் எடுத்தவை. வாய் எப்போதும் ஈரம். அதைப் படி 5-இல் பார்ப்போம்.

படி 3: சுத்திகரிப்பு

எவ்வளவு நேரம் செலவிட்டாலும் வீண் போகாத படி இது. செடியிலிருந்து நாரைப் பிரிக்க ஊறவைத்து அழுகவிடுவது பழைய முறை. பெக்டினைத் தின்னும் நுண்ணுயிரிகள் நாரை விடுவிக்கும். மருத்துவ நோக்கம் என்றால் இதே வேலையைப் பெக்டினேஸ் நொதியால் செய்வது நல்லது. அழுகும் நீரில் பெருகும் பாக்டீரியாக்களின் மிச்சம் நாரிலேயே தங்கி, பின்னால் பெரிய தலைவலியாகும்.

அப்புறம் காரத்தில் வேகவைத்தல். நீர்த்த சோடியம் ஹைட்ராக்சைடில் சூடாக்கினால் மெழுகும் பெக்டினும் ஹெமிசெல்லுலோஸின் ஒரு பகுதியும் கரைந்து போகும். லிக்னின் உள்ள நார்களுக்கு 5 சதவீதக் கரைசல் ஆய்வகங்களில் வழக்கமான தொடக்கம். காரத்தை மிகவும் கூட்டிவிடாதீர்கள். 18 சதவீதத்தை நெருங்கினால் செல்லுலோஸின் படிக அமைப்பே மாறிவிடும், நாரின் குணமும் மாறும். வெளுப்பதற்கு ஹைட்ரஜன் பெராக்சைடு போதும். குளோரின் வேண்டாம், அதன் எச்சங்களை நீக்குவதும் நிரூபிப்பதும் பாடு. கடைசியில் சுத்திகரித்த நீரில் அலசி அலசி, அலசிய நீரின் பிஎச் நடுநிலைக்கு வரும்வரை விடக் கூடாது.

இந்தப் படி சரியாக முடிந்ததா என்று பார்க்க மருந்தியல் நூல்களில் ஓர் அழகான சோதனை இருக்கிறது. பறித்த பஞ்சின் மேல் சுமார் ஒரு சதவீத மெழுகு படிந்திருக்கும். அந்தச் சிறு அளவு போதும், தண்ணீரில் போட்டால் மிதக்கும். மெல்லிய செப்புக் கம்பியால் பின்னிய சிறு கூடையில் 5 கிராம் பஞ்சை நிரப்பி, 20 டிகிரி நீருக்கு 10 மில்லிமீட்டர் மேலிருந்து விடுவார்கள். சுத்தமான மருத்துவப் பஞ்சு 10 வினாடிக்குள் மூழ்கிவிட வேண்டும். பிறகு அதே பஞ்சு தன் எடையைப் போல் 23 மடங்கு நீரையாவது பிடித்துவைக்க வேண்டும். ஈதரில் கரையும் பொருள் 0.5 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. புற ஊதா விளக்கின் கீழ் பளிச்சென்று நீலம் அடித்தால், வெண்மை காட்டும் சாயம் கலந்திருக்கிறது என்று பொருள், அந்தத் தொகுதியை ஒதுக்கிவிட வேண்டும். விலையுயர்ந்த கருவி எதுவும் கேட்காத இந்தச் சோதனைகளை எந்த நாரை எடுத்தாலும் முதலில் செய்து பாருங்கள். நார் மூழ்காமல் மிதக்கிறதென்றால் அடுத்த படிக்குப் போகாதீர்கள்.

படி 4: எந்த வடிவம், எந்த வேதியியல்

சுத்தமான செல்லுலோஸ் கையில் இருக்கிறது. இனி படி 1-இல் எழுதிய பதிலுக்கு ஏற்றபடி அதை மாற்ற வேண்டும்.

உள்ளே விட்டுவிட வேண்டுமானால் ஆக்சிஜனேற்றம் நல்ல உதாரணம். 1940களின் தொடக்கத்திலேயே இது மருத்துவத்துக்கு வந்துவிட்டது. நைட்ரஜன் டைஆக்சைடைப் பயன்படுத்தி, குளுக்கோஸ் அலகின் ஆறாவது கார்பனைக் கார்பாக்சில் தொகுதியாக மாற்றுகிறார்கள். நிறையில் 16 முதல் 24 சதவீதம் கார்பாக்சில் ஆனதும், உடம்பால் தொட முடியாமல் இருந்த அதே செல்லுலோஸ் உடல் திரவத்தில் சிதைய ஆரம்பிக்கிறது. ரத்தத்தில் பட்டதும் பழுப்புக் கருப்பாகக் குழைந்து கசிவை அடைக்கும். அமிலத்தன்மை இருப்பதால் கிருமிகளுக்கும் பிடிக்காது.

அதே அமிலத்தன்மைக்கு இன்னொரு முகமும் உண்டு. ஞானப்பல் பிடுங்கிய குழியின் அடியில் கீழ்த்தாடை நரம்பு ஓடுகிறது. அதன் பக்கத்தில் இந்தத் துணியை அடர்த்தியாகத் திணித்தால் அமிலமும் வீக்கமும் சேர்ந்து நரம்பைப் பாதிக்கலாம், உதடு மரத்துப்போகலாம். எலும்பு சூழ்ந்த இடுக்குகளிலும் நரம்பின் அருகிலும் ரத்தம் நின்றதும் எடுத்துவிட வேண்டும் என்று சொல்வது இதனால்தான். திராம்பினோடு சேர்த்துப் பயன்படுத்தவும் கூடாது, அமிலம் திராம்பினைச் செயலிழக்கச் செய்துவிடும். ஒரே குணம் ஓரிடத்தில் மருந்தாகவும் இன்னோரிடத்தில் கெடுதலாகவும் இருக்கிறது, இடத்தைத் தெரிந்து செய்வதுதான் பொருளறிவியல்.

கசிவு அதிகமான புண்ணுக்குக் கார்பாக்சிமெத்தில் செல்லுலோஸ் இழை பொருந்தும். நீரை இழுத்ததும் இழை ஜெல்லாகி, புண்ணில் ஒட்டாமல் எடுக்க வரும். பல் செட் ஒட்டும் பசையிலும் பற்பசையிலும் கெட்டித்தன்மை தருவது இதே பொருள்தான்.

ரத்தத்தைத் தொடும் பொருள் என்றால் டயாலிசிஸின் வரலாற்றைப் படிக்காமல் தொடங்காதீர்கள். 1943-இல் நெதர்லாந்தில் வில்லெம் கோல்ஃப் தன் செயற்கைச் சிறுநீரகத்தைச் செலோபேன் குழாயைச் சுற்றித்தான் செய்தார். அது தாவர செல்லுலோஸ். பிறகு பல்லாண்டுகள் பஞ்சிலிருந்து செய்த சவ்வுகளே கோலோச்சின. ஆனால் சிகிச்சை தொடங்கிய சில நிமிடங்களில் நோயாளியின் ரத்தத்தில் வெள்ளணுக்கள் திடீரென்று குறைவதை 1960களின் பிற்பகுதியில் கவனித்தார்கள். காரணம், செல்லுலோஸ் மேற்பரப்பில் மறைவில்லாமல் நிற்கும் ஹைட்ராக்சில் தொகுதிகள். அவை ரத்தத்தின் காம்ப்ளிமென்ட் என்னும் பாதுகாப்பு அமைப்பைக் கிளப்பிவிடுகின்றன. அந்தத் தொகுதிகளில் பலவற்றை அசிட்டேட்டால் மூடியதும் எதிர்வினை தணிந்தது. தோலில் ஒரு தொந்தரவும் தராத பொருள் ரத்தத்தில் வேறு மாதிரி நடந்துகொள்ளும் என்பதற்கு இதைவிட நல்ல பாடம் எனக்குத் தெரிந்து இல்லை.

நுண்ணிழை வேண்டுமானால் இரண்டு பாதை. கந்தக அமிலத்தில் கரைத்துப் படிகத் துகளாக எடுப்பது ஒன்று. டெம்போ (TEMPO) என்னும் வேதி வினையூக்கியால் ஆக்சிஜனேற்றிப் பிறகு இயந்திரத்தால் பிரித்து நீளமான இழையாக எடுப்பது இன்னொன்று. துகள் மிக விறைப்பானது, 100 கிகாபாஸ்கலுக்கும் மேல். நீளமான இழையோ ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு தெளிந்த ஜெல் தரும், செல் வளர்ப்புக்கு ஏற்றது. எதுவானாலும் முழுதாகக் காயவிடாதீர்கள். ஒருமுறை காய்ந்து ஒட்டிக்கொண்ட செல்லுலோஸ் மறுபடி நீரில் போட்டாலும் பழையபடி பிரியாது.

செடியின் திசுவையே அச்சாகப் பயன்படுத்தும் பாதையும் திறந்திருக்கிறது. ஆப்பிள் துண்டிலிருந்து செல்களைச் சவர்க்காரத்தால் கழுவி நீக்கி, மிஞ்சிய செல்லுலோஸ் கூட்டில் பாலூட்டிகளின் செல்களை வளர்த்த ஆய்வு 2014-இல் வந்தது. 2017-இல் கீரை இலையின் நரம்புகளையே ரத்தக் குழாய்களின் அமைப்பாகப் பயன்படுத்திக் காட்டினார்கள். கண்ணுக்கு விருந்தான படங்கள். ஆனால் கழுவிய சவர்க்காரம் கொஞ்சம் மிஞ்சினாலும் செல்கள் சாகும். கூடோ உடம்பில் கரையாது. இரண்டையும் மறக்க வேண்டாம்.

படி 5: பல் பொருள்களில் நாரைச் சேர்ப்பது

பல் செட்டின் அடித்தளம் அக்ரிலிக், அதாவது பாலிமெத்தில் மெத்தக்ரிலேட். கீழே விழுந்தால் உடையும். அதில் நாரைக் கலந்து உறுதியாக்கலாம் என்ற எண்ணம் நியாயமானதே. சிக்கல் எங்கே என்றால், நார் தண்ணீரோடு சேரும், அக்ரிலிக் சேராது. சும்மா கலந்தால் இழையைச் சுற்றி நுண்ணிய இடைவெளி விழும். விரிசல் அங்கிருந்தே கிளம்பும், ஆக நார் சேர்த்த செட் சேர்க்காததைவிடச் சீக்கிரம் உடையும்.

வரிசை இப்படி இருக்கட்டும். காரத்தால் சுத்தம் செய்த நாரை அடுப்பில் உலர்த்துங்கள். சாதாரணக் காற்றிலேயே பஞ்சு 8 சதவீதத்துக்கு மேலும் ஆளி 12 சதவீதமும் ஈரத்தை ஏந்தியிருக்கும். ஒரு முனையில் மெத்தக்ரிலேட் தொகுதி உள்ள சிலேன் என்னும் சிலிக்கான் இணைப்புப் பொருளை, சற்று அமிலமான எத்தனால் நீர்க் கலவையில் கலந்து, நாரை அதில் முக்கி மறுபடி உலர்த்துங்கள். சிலேனின் ஒரு கை செல்லுலோஸையும் மறு கை அக்ரிலிக்கையும் பிடித்துக்கொள்ளும். பிறகு நாரை மோனோமர் திரவத்தில் (அக்ரிலிக் உருவாகும் மூலத் திரவம்) நனைத்த பின்பே அக்ரிலிக் மாவோடு சேருங்கள். குறைவான அளவில் தொடங்குங்கள். நார் மேற்பரப்பில் தலைகாட்டக் கூடாது. பாலிஷ் போடும்போது வெளிவந்த இழை ஈறை உறுத்தும், ஈரத்தை உள்ளே இழுக்கும், கேண்டிடா பூஞ்சைக்கும் இடம் கொடுக்கும்.

மாதிரியைப் பல் செட் அக்ரிலிக்குக்கான ஐஎஸ்ஓ 20795-1 தரநிலை சொல்லும்படி 64 × 10 × 3.3 மில்லிமீட்டர் பட்டையாகச் செய்து, 37 டிகிரி நீரில் 50 மணி நேரம் ஊறவைத்து வளைத்துப் பாருங்கள். சூட்டில் பதப்படுத்தும் அக்ரிலிக்குக்கு 65 மெகாபாஸ்கல் வளைவு வலிமை, 2000 மெகாபாஸ்கல் விறைப்பு தேவை. நீர் உறிஞ்சல் ஒரு கன மில்லிமீட்டருக்கு 32 மைக்ரோகிராமைத் தாண்டக் கூடாது. நார் சேர்த்த மாதிரிகள் வலிமையில் தேறி இந்தக் கடைசி அளவில் தடுமாறுவது எதிர்பார்க்க வேண்டியதுதான். 5 டிகிரிக்கும் 55 டிகிரிக்கும் மாறி மாறி முக்கியெடுத்த பிறகு இன்னொரு முறையும் வளைத்துப் பாருங்கள். காய்ந்த மாதிரியின் எண்ணை மட்டும் வெளியிடும் கட்டுரையை நான் நம்புவதில்லை.

என்னைக் கேட்டால், அக்ரிலிக்கைவிட, பல்லை அடைக்கும் கிளாஸ் அயனோமர் சிமென்ட்தான் செல்லுலோஸுக்கு இயல்பான துணை. அது நீரை அடிப்படையாகக் கொண்டு இறுகுகிறது, நாரும் நீரை விரும்புகிறது. சிலேன் இல்லாமலே பிடிப்பு கிடைக்க வாய்ப்பு அதிகம். குட்டையான, மிக மெல்லிய இழையாக, சில சதவீத அளவில் சேர்த்துப் பார்க்கலாம். கூடினால் சிமென்ட் கட்டிதட்டி, குழைக்கவே வராது.

வாயில் நார் செய்யும் சிறு தவறுகளையும் சொல்லிவிடுகிறேன். வேர் சிகிச்சையின் இடைக்காலத்தில் பல்லுக்குள் வைக்கும் பஞ்சின் ஓர் இழை, தற்காலிக அடைப்புக்கும் பல் சுவருக்கும் நடுவே மாட்டிக்கொண்டால், அந்த இழை வழியாகவே உமிழ்நீரும் கிருமியும் உள்ளே இறங்கும். பல் பிடுங்கிய குழி வலிக்கும்போது வைக்கும் மருந்துப் பசை சிலவற்றில் பெங்காவர் ஜம்பி என்ற பெரணியின் பொன்னிற முடிகள் இருக்கின்றன. பசையைக் குழியில் நிறுத்திவைக்க உதவும் நார் அது. அதுவும் உள்ளேயே தங்கிவிட்டால் குழி ஆறுவது தாமதமாகலாம்.

படி 6: கிருமிநீக்கம்

சாதாரணப் பஞ்சுக்கும் காஸுக்கும் ஆட்டோகிளேவ் நீராவி போதும், 121 டிகிரியில் 15 நிமிடம். லிக்னின் மிஞ்சியிருந்தால் பழுப்பேறும். ஆக்சிஜனேற்றிய செல்லுலோஸை நீராவியில் வைக்கவே கூடாது, சிதைந்துவிடும். காமா கதிர் வசதியானது. ஆனால் வழக்கமான 25 கிலோகிரே அளவிலேயே செல்லுலோஸ் சங்கிலிகள் அறுபடும், வலிமை குறையும். எத்திலீன் ஆக்சைடு நாரைக் கெடுக்காது. நாருக்குள் தங்கும் வாயு வெளியேறக் காற்றோட்டம் கொடுத்து, எச்சத்தை அளந்து காட்ட வேண்டும். எதைத் தேர்ந்தாலும் சரி, கிருமிநீக்கத்துக்குப் பிறகு எடுத்த வலிமையைத்தான் உங்கள் பொருளின் வலிமையாக எழுத வேண்டும்.

படி 7: பாதுகாப்புச் சோதனை

செல் நச்சுத்தன்மை, ஒவ்வாமை, எரிச்சல் ஆகிய மூன்று சோதனைகளும் எல்லாப் பொருளுக்கும் பொது. பல் பொருளுக்கு அதற்கென்றே உள்ள ஐஎஸ்ஓ 7405 தரநிலையையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். பொருளைத் திரவத்தில் ஊறவைத்துச் சோதனைக்கான சாறு எடுக்கும்போது ஒரு நுணுக்கம்: நார் திரவத்தைத் தானே குடித்துவிடும். அது குடிக்கும் அளவைத் தனியாக அளந்து, அதற்கு மேல்தான் விகிதப்படி திரவம் ஊற்ற வேண்டும். இல்லாவிட்டால் சாறு அளவுக்கு மீறி அடர்த்தியாகி, நல்ல பொருளும் நச்சாகத் தெரியும். சாறு பட்ட செல்களின் உயிர்ப்பு 30 சதவீதத்துக்கு மேல் குறைந்தால் பொருள் நச்சுத்தன்மை உடையது என்று கொள்வார்கள்.

எண்டோடாக்சின் சோதனைதான் தாவர நாருக்கே உரிய சிக்கல். கிராம் நெகட்டிவ் பாக்டீரியாவின் சுவர்த் துண்டு அது. பாக்டீரியா செத்த பிறகும் இருக்கும், ரத்தத்தில் கலந்தால் காய்ச்சல் கொடுக்கும். இதைக் கண்டுபிடிக்கக் குதிரைலாட நண்டின் ரத்தத்திலிருந்து எடுத்த எல்ஏஎல் வினைப்பொருளைப் பயன்படுத்துகிறார்கள். அந்த வினைப்பொருளுக்குள் இரண்டு வழிகள் உண்டு. ஒன்று எண்டோடாக்சினைக் கண்டு உறையும், மற்றது பீட்டா குளுக்கானைக் கண்டு உறையும். செல்லுலோஸ் பொருள்களிலிருந்து கசியும் குளுக்கான் அந்த இரண்டாவது வழியைத் தட்டிவிடும். மாதிரியில் எண்டோடாக்சினே இல்லாவிட்டாலும் சோதனை "இருக்கிறது" என்று சொல்லும். குளுக்கானைத் தடுக்கும் பஃபரைச் சேர்த்தோ, எண்டோடாக்சினை மட்டும் கண்டறியும், ஆய்வகத்தில் மரபணு மாற்றத்தால் உருவாக்கிய ரீகாம்பினன்ட் காரணி சி என்னும் புரதத்தைக் கொண்டோ மறுபடி அளந்தால்தான் உண்மை தெரியும்.

உண்மையாகவே எண்டோடாக்சின் இருந்தால்? கண்ணாடிப் பொருளானால் 250 டிகிரியில் 30 நிமிடம் வைத்து அழிக்கலாம். நாரை அப்படி வைத்தால் கருகிவிடும். ஆகவே கடைசியில் நீக்கிக்கொள்ளலாம் என்ற பேச்சுக்கே இடமில்லை. நாரைப் பிரிக்கும் நீர், அலசும் நீர், ஈரமாகச் சேமித்துவைக்கும் பாத்திரம் என ஒவ்வோர் இடத்திலும் பாக்டீரியா பெருகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். படி 3-இல் அழுகவிடும் முறையைத் தவிர்க்கச் சொன்னதும் இதற்காகத்தான். ரத்தத்தைத் தொடும் கருவிகளுக்கு வழக்கமான வரம்பு ஒன்றுக்கு 20 எண்டோடாக்சின் அலகு. மூளைத் தண்டுவடத் திரவத்தைத் தொட்டால் 2.15 மட்டுமே.

உள்ளே விடும் பொருளானால் விலங்கில் பதித்துத் திசுவைப் பார்க்கும் சோதனையும் வரும். அங்கே குறுகிய காலம் மட்டும் பார்த்து நிறுத்தாதீர்கள். செல்லுலோஸுக்கான எதிர்வினை முதல் வாரங்களில் சாதுவாகத் தெரிந்து, இழை உதிரத் தொடங்கிய பிறகு மாறக்கூடும்.

படி 8: தொகுதிப் பதிவு

செடி ஆலையில் வார்த்த பொருள் அல்ல. மழை, மண், அறுவடை செய்த வயது, தெளித்த பூச்சிக்கொல்லி எல்லாம் நாரில் பதியும். ஒரே வயலின் இரண்டு அறுவடைகள்கூட ஒன்றாக இருக்காது. எனவே ஒவ்வொரு தொகுதிக்கும் தாவர இனம், விளைந்த இடம், அறுவடைக் காலம், பிரித்த முறை ஆகியவற்றை எழுதுங்கள். பூச்சிக்கொல்லி எச்சம், கன உலோகம், சாம்பல் அளவு, மூழ்கும் நேரம், எண்டோடாக்சின் ஆகியவற்றை அளந்து சேருங்கள். ஒவ்வொரு தொகுதியிலிருந்தும் கொஞ்சம் நாரை உலர்வாக, இருட்டில், பெயர்ச்சீட்டோடு எடுத்துவையுங்கள். குறைந்தது மூன்று வெவ்வேறு தொகுதிகளில் முழுச் சோதனையும் ஒரே மாதிரி வந்த பிறகு மருத்துவரிடம் பேசப் போகலாம். போகும்போது படி 1-இல் எழுதிய தாளையும் எடுத்துச் செல்லுங்கள். அவர் முதலில் கேட்கப்போவது அதில் எழுதிய மூன்று கேள்விகளைத்தான்.